புது வீட்டுக்கு ஸ்பிரிங்க்ளர் கட்டாயம் ஆக்கணுமா? 9,000 டாலர் கேள்விக்கு என் பதில்

கேள்விய சுருக்கமா திரும்ப சொல்லிடறேன், மத்தவங்களுக்கும் புரியும். டல்லாஸ் பக்கம் ரெண்டு மாடி வீடு, 3,000 சதுர அடி, புதுசா கட்ட புக் பண்ணியிருக்கீங்க. ஸ்பிரிங்க்ளர், அதாவது தீப்பிடிச்சா சீலிங்ல இருந்து தானா தண்ணி தெளிக்கற சிஸ்டம், வேணும்னா 9,000 டாலர் எக்ஸ்ட்ரா, ஆனா இங்க சட்டப்படி தேவையில்ல, யாரும் போடறதில்லன்னு பில்டர் சொல்லியிருக்கார். மேரிலேண்ட்ல இருக்கற உங்க மச்சான் வீட்ல மட்டும் சட்டமே கட்டாயப்படுத்தி போட வச்சிருக்கு. ஒரே நாட்டுல ஏன் இப்படி, இது நிஜமாவே தேவையா, இல்ல பைப் விக்கறவங்க கிளப்பி விட்டதா, நம்ம சமையல் புகைக்கே வீடு பூரா தண்ணி கொட்டிடுமான்னு கேட்டிருக்கீங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நான் மேரிலேண்ட்ல பதினாறு வருஷமா ஸ்பிரிங்க்ளர் டிசைன் பண்றவன், என் சம்பளம் இதுல இருந்துதான் வருது. அதையும் கணக்குல வச்சுக்கிட்டே படிங்க.

புகை கேள்விய முதல்ல முடிச்சிடலாம், நம்ம ஆளுங்க எல்லாரும் என்கிட்ட கேக்கறது அதுதான். ஸ்பிரிங்க்ளருக்கு புகைன்னா என்னன்னே தெரியாது, சூடு மட்டும்தான் தெரியும். தண்ணி தெளிக்கற முனைய ஹெட்னு சொல்வோம், அதுக்குள்ள சின்னதா ஒரு கண்ணாடி குப்பி இருக்கும், வீட்டுக்கு போடறதுல 3 மில்லிமீட்டர் தடிமன்தான், மல்லிகை மொட்டோட காம்பு மாதிரி இருக்கும், உள்ள சிவப்பு கலர்ல ஒரு திரவம், அதுல கடுகு அளவுல ஒரு காத்துக் குமிழி. சூடு ஏற ஏற திரவம் விரியும், குமிழி சின்னதாகி காணாம போகும், 68 டிகிரி செல்சியஸ் வந்ததும் இடம் பத்தாம கண்ணாடி வெடிக்கும், அதுவரைக்கும் தண்ணிய அடைச்சுக்கிட்டு இருந்த மூடி கழண்டு விழும், தண்ணி வரும். கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம், வைஃபை வேண்டாம். எந்த ஹெட்டோட குப்பி வெடிச்சதோ அது மட்டும்தான் திறக்கும், சினிமாவுல காட்டற மாதிரி ஒருத்தன் லைட்டர காட்டினதும் பில்டிங் முழுக்க மழை பெய்யறதெல்லாம் வீட்டு சிஸ்டத்துல நடக்கவே நடக்காது. அதனால தாளிப்பு, சாம்பிராணி, மிளகா வறுக்கற நெடி இதுக்கெல்லாம் அது திறக்காது, ஸ்மோக் அலாரம்தான் கத்தும். கிரகப்பிரவேசத்துக்கு ஹோமம் பண்ணா மட்டும் குண்டத்த ஹெட்டுக்கு நேர் கீழ வைக்காதீங்க, கொஞ்சம் தள்ளி வைங்க, அவ்வளவுதான். அடுப்புக்கும் அதே கதைதான், அடுப்புல இருந்து குறைஞ்சது ஒன்றரை அடியாவது தள்ளித்தான் சாதாரண ஹெட் வைக்கணும்னு விதியே இருக்கு.

இதோட சேந்து வர இன்னொரு கேள்வி, எண்ணெய் தீயில தண்ணி ஊத்தக்கூடாதேன்னு. ஊத்தவே கூடாது, கரெக்ட். வடை சட்டியில தீப்பிடிச்சா அடுப்ப அணைச்சு மூடிய போட்டு மூடுங்க, எந்த வீடா இருந்தாலும் அதுதான். ஆனா ஒரு சொம்பு தண்ணிய சட்டியில கவுக்கறதும், மேல இருந்து சின்ன சின்ன துளியா ரூம் முழுக்க தெளிக்கறதும் ஒண்ணு இல்ல. ஸ்பிரிங்க்ளரோட வேலை சட்டிய அணைக்கறதுங்கறத விட, பக்கத்துல இருக்கற கேபினெட்டையும் சீலிங்கையும் நனைச்சு, மேல சேர்ற சூட்ட இறக்கி, தீய அந்த இடத்த விட்டு நகரவிடாம பிடிச்சு வைக்கறது.

இப்ப தேவையாங்கற விஷயத்துக்கு வரேன். இது முழுக்க முழுக்க நேரக் கணக்கு. அமெரிக்காவுல யூஎல்னு ஒரு டெஸ்டிங் அமைப்பு இருக்கு, உங்க சார்ஜர்ல கூட அவங்க முத்திரை இருக்கும். அவங்க ஒரே அளவுல ரெண்டு லிவிங் ரூம் செட் போட்டாங்க, ஒண்ணுல அந்தக்காலத்து சாமான், மரம், பஞ்சு, காட்டன் துணி, இன்னொண்ணுல இப்ப கடையில கிடைக்கற ஃபோம் சோபா, பாலியெஸ்டர் கர்ட்டன், அமுக்கின மரத்தூள் டேபிள். ரெண்டுலயும் சோபாவுல ஒரு மெழுகுவர்த்திய வச்சு விட்டுட்டாங்க. புது சாமான் இருந்த ரூம் 3 நிமிஷம் 40 செகண்ட்ல முழுசா பத்திக்கிச்சு, தரையில இருந்து சீலிங் வரைக்கும் எல்லாமே ஒரே நேரத்துல எரியற அந்த நிலைய ஃப்ளாஷ்ஓவர்னு சொல்வோம், அதுக்குள்ள ஆள் இருந்தா பிழைக்க வழியே இல்ல. பழைய சாமான் ரூம் அந்த நிலைக்கு வர 29 நிமிஷத்துக்கு மேல ஆச்சு. ஃபோம்ங்கறது பெட்ரோலியத்துல இருந்து பண்ணதுதானே, தீக்கு அது எண்ணெய் மாதிரிதான்.

அதே நேரத்துல ஃபயர் இன்ஜின் எங்க இருக்கும்னு யோசிங்க. அலாரம் கேட்டு நீங்க எழுந்து, என்னன்னு பாத்து, 911 கூப்பிட்டு, அவங்க தகவல் வாங்கி ஸ்டேஷனுக்கு அனுப்பி, அங்க ஆளுங்க டிரஸ் மாட்டி வண்டி ஏறி, அதுக்கப்புறம்தான் வண்டி ரோட்டுக்கே வரும். ரோட்டுக்கு வந்தப்புறம் 4 நிமிஷத்துல சேரணுங்கறதுதான் நல்லா ஆள்பலம் இருக்கற ஊர்லயே இலக்கு, புதுசா உருவாகற புறநகர் காலனிகள்ல அது இன்னும் இழுக்கும். ஆக அவங்க எவ்வளவு திறமைசாலியா இருந்தாலும் அந்த ரூம்ல இருக்கற ஆளுக்கு வந்து சேர முடியாது, பக்கத்து ரூம காப்பாத்தத்தான் வரமுடியும்.

வீட்டோட எலும்பும் மாறிடுச்சு. முன்னெல்லாம் தளத்துக்கு கீழ கெட்டியான மரக்கட்டை உத்திரம் போடுவாங்க, இப்ப ஐ ஷேப்ல நடுவுல மெல்லிசு பலகை வச்சு ஒட்டின உத்திரம், விலை கம்மி, நீளமா போகும், நேரா இருக்கும், எல்லாம் நல்லதுதான், ஆனா அடியில மூடாம விட்டா தீ பட்டு சுமார் 6 நிமிஷத்துல விழுந்துடுது, பழைய கட்டை 18 நிமிஷம் தாங்குச்சு, இதுவும் யூஎல் சோதனைதான். கீழ பேஸ்மெண்ட்ல எரியறது தெரியாம ஹாலுக்குள்ள கால் வச்ச தீயணைப்பு வீரர்கள் தளத்தோட சேந்து கீழ போயிருக்காங்க. அதனாலதான் 2012 பில்டிங் கோடுல, அதாவது வீடு கட்டற விதிப் புத்தகத்துல, ஸ்பிரிங்க்ளர் இல்லன்னா அந்த உத்திரத்துக்கு அடியில டிரைவால், அதாவது ஜிப்சம் பலகை, அடிக்கணும்னு சேத்தாங்க.

ஸ்மோக் அலாரம் போதாதான்னு எல்லாரும் கேப்பாங்க, நியாயமான கேள்வி. அலாரம் இந்த நாட்டுல பண்ண நல்லது சாதாரணம் இல்ல, 1980ல வீட்டுத் தீயில 5,200 பேர் செத்தாங்க, இப்ப வருஷத்துக்கு 2,500ல இருந்து 2,900 வரைக்கும் ஏறி இறங்குது. ஆனா அந்தக் குறைவுல பெரும்பங்கு தீப்பிடிக்கற வீடுகளோட எண்ணிக்கை குறைஞ்சதால வந்தது, தீப்பிடிச்ச 1,000 வீட்டுக்கு எத்தனை பேர் சாகறாங்கன்னு பாத்தா அது 1980ல இருந்து இன்னிக்கு வரைக்கும் குறையவே இல்ல. ஏன்னா அலாரம் பண்றது ஒண்ணே ஒண்ணு, ஓடுன்னு சொல்லும். ஓட முடிஞ்சவன் ஓடுவான்.

நம்ம வீடுகள்ல ஓட முடியாதவங்க யாருன்னு நினைச்சுப் பாருங்க. பிரசவத்துக்கு பாத்துக்க ஊர்ல இருந்து வந்த அம்மா, ஆறு மாசம் இருப்பாங்க, முட்டி வலி, மேல்மாடி கெஸ்ட் ரூம்ல தூங்குவாங்க, அந்த கார்பெட் படியில பகல்லயே கைப்பிடிய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு பக்கவாட்டுல ஒவ்வொரு படியா இறங்குவாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் கத்தினா அது என்ன சத்தம்னே அவங்களுக்கு தெரியாது, இந்த ஊர் கதவு பூட்டு திறக்கத் தெரியாது, ஃபோன்ல என்ன நம்பர் அடிக்கணும்னு தெரியாது. பக்கத்து ரூம்ல கைக்குழந்தை. அந்த 3 நிமிஷம் 40 செகண்ட் உங்களுக்கு போதும்னே வச்சுக்கலாம், அவங்களுக்கு போதாது. ஸ்பிரிங்க்ளர் அந்த கடிகாரத்த நிறுத்தி வைக்குது. நான் கட்டாயம் ஆக்கணும்னு சொல்றதுக்கு முழுக் காரணமும் இதுக்குள்ளயே இருக்கு, மத்ததெல்லாம் இதுக்கு மேல வர கணக்கு வழக்குதான்.

வேலை செய்யுமான்னா, ஊர் கணக்கு இருக்கு. அரிசோனாவுல ஸ்காட்ஸ்டேல்னு ஒரு ஊரு, 1985லயே சட்டம் போட்டு 1986ல இருந்து கட்டற எல்லா புது வீட்டுக்கும் கட்டாயம் ஆக்கிட்டாங்க. 15 வருஷம் கழிச்சு கணக்கு எடுத்தப்ப, ஸ்பிரிங்க்ளர் ஒரு தீய அடக்க சராசரியா செலவான தண்ணி 341 கேலன், ஃபயர் சர்வீஸ் ஹோஸ் வச்சு அணைச்சா 2,935 கேலன். தண்ணியால வீடு நாசமாகுமேங்கறவங்களுக்கு நான் எப்பவும் இதத்தான் காட்டுவேன், ஒரு ஹெட் நிமிஷத்துக்கு 50, 60 லிட்டர் விடும், ஒரு ஹோஸ் அதப் போல பத்து மடங்கு விடும், அதுவும் தீ பெருசானப்புறம்தான் ஹோஸே வரும். மேரிலேண்ட்ல பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டி 1992ல தனி வீடுகளுக்கு கொண்டு வந்தாங்க, அவங்களும் 15 வருஷக் கணக்கு போட்டாங்க, ஸ்பிரிங்க்ளர் இல்லாத வீடுகள்ல செத்தவங்க 100 பேருக்கு மேல, இருந்த வீடுகள்ல ஒருத்தர் கூட இல்ல. நாடு முழுக்கப் பாத்தாலும் ஸ்பிரிங்க்ளர் இருக்கற வீட்டுத் தீயில சாவு விகிதம் 80 சதவீதத்துக்கு மேல குறைவுன்னு, தீ பாதுகாப்பு விதிகள எழுதற என்எஃப்பிஏங்கற அமைப்பு தொடர்ந்து சொல்லிட்டு வருது.

நானே பாத்தது ஒண்ணு. சில வருஷம் முன்னாடி ஒரு டவுன்ஹவுஸ்ல கிச்சன் தீ, மறுநாள் காலையில போய் பாத்தேன். அடுப்பு மேல இருந்த கேபினெட் கதவு ரெண்டு கருகி வளைஞ்சு தொங்குது, மைக்ரோவேவோட முகம் உருகி வழிஞ்சு நின்னுடுச்சு, சீலிங்ல ஒரு வாழையிலை அளவுக்கு கரி. கிச்சன் தரையில இன்னும் ஈரம், அந்த ஈரத்துல கண்ணாடித் துகள், அந்தக் குப்பியோடது. ஆறடி தள்ளி டைனிங் டேபிள்ல இருந்த வாழைப்பழம் வாடக்கூட இல்ல. ஃப்ரிட்ஜ் கதவுல குழந்தை வரைஞ்ச படம் காந்தத்துல அப்படியே இருந்துச்சு, ஓரம் மட்டும் நனைஞ்சு கலர் வழிஞ்சிருந்துச்சு. ஒரே ஒரு ஹெட் திறந்திருக்கு. அந்தக் குடும்பம் மூணு நாள்ல வீட்டுக்கு திரும்பிட்டாங்க, சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவங்களுக்கு தீப்பிடிச்சதே வண்டி வந்தப்புறம்தான் தெரியும்.

சரி, ஒரே நாட்டுல ஏன் ரெண்டு சட்டம்? 2008 செப்டம்பர்ல மினியாபோலிஸ்ல பில்டிங் கோடுக்கான ஓட்டெடுப்பு நடந்துச்சு, நாடு பூரா இருந்து ஃபயர் ஆபீசர்கள் கிளம்பி வந்து உக்காந்து ஓட்டு போட்டு 73 சதவீதத்துல ஜெயிக்க வச்சாங்க, அப்படித்தான் 2009 ஐஆர்சி, அதாவது வீடுகளுக்கான மாதிரி கோடு, 2011 ஜனவரியில இருந்து ஒண்ணு இல்ல ரெண்டு குடும்பம் இருக்கற புது வீட்டுக்கும் ஸ்பிரிங்க்ளர்னு சொல்லிச்சு. ஆனா அது மாதிரி கோடுதான், ஸ்டேட் எடுத்துக்கிட்டாத்தான் சட்டம். கலிஃபோர்னியா 2011ல எடுத்துக்கிச்சு, மேரிலேண்டும் வாஷிங்டன் டிசியும் எடுத்துக்கிச்சு. பென்சில்வேனியா 2011 ஜனவரியில கொண்டு வந்து ஏப்ரல்லயே தூக்கிட்டாங்க. டெக்சாஸ் ஒரு படி மேல, 2009லயே எந்த நகராட்சியும் புதுசா இப்படி ஒரு விதி போடக்கூடாதுன்னு ஸ்டேட்டே தடுத்துடுச்சு, இன்னும் பல ஸ்டேட் அதே மாதிரி. இதுக்கு பின்னாடி பில்டர்கள் சங்கம் ஒவ்வொரு ஸ்டேட்லயும் பலமா வேலை செஞ்சாங்க. வெளிய பாத்தா, வேல்ஸ்ல 2011ல சட்டம் போட்டு 2016 ஜனவரியில இருந்து எல்லா புது வீட்டுக்கும் கட்டாயம், உலகத்துலயே முதல் நாடு அது, அதக் கொண்டு வந்த ஆன் ஜோன்ஸ் அரசியலுக்கு வரதுக்கு முன்னாடி ஃபயர் கண்ட்ரோல் ரூம்ல ஃபோன் எடுத்தவங்க. பக்கத்துலயே இங்கிலாந்துல, 2017ல கிரென்ஃபெல் டவர்ல 72 பேர் போனப்புறம்தான் அடுக்குமாடிக்கு ஸ்பிரிங்க்ளர் கட்டாயம்ங்கற உயர வரம்ப 30 மீட்டர்ல இருந்து 11 மீட்டருக்கு இறக்கினாங்க, தனி வீட்டுக்கு இன்னும் இல்ல.

பில்டர்கள் சொல்றதுல உண்மையே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். புது வீடு ஏற்கனவே பாதுகாப்பானது, எல்லா படுக்கை ரூம்லயும் ஒண்ணோட ஒண்ணு இணைச்ச அலாரம் இருக்கு, சாவு நடக்கறது பழைய வீட்டுல, ஏழைங்க வீட்டுல, அலாரமே இல்லாத வீட்டுலன்னு சொல்றாங்க. ஆமா, வீட்டுத் தீ சாவுல அஞ்சுல மூணு, அலாரம் இல்லாத அல்லது வேலை செய்யாத வீடுகள்லதான். அந்த வீடுகளுக்கு போய் அலாரம் மாட்டறதுக்கு செலவு பண்ற ஒவ்வொரு டாலரும் நியாயமான செலவு, அத யாரும் நிறுத்தச் சொல்லல. ஆனா புது வீடு எத்தனை நாளைக்கு புது வீடு? 2011ல கட்டின வீட்டுல இப்ப மூணாவது ஓனர் இருக்கான், அலாரத்துக்கு பத்து வருஷம்தான் ஆயுசு, மாத்தினானான்னு யாருக்கும் தெரியாது, பேட்டரி பீப் பீப்புன்னு கத்துதுன்னு கழட்டி டிராயர்ல போட்டிருப்பான். நாப்பது வருஷம் கழிச்சு அதுவும் பழைய வீடு, அதுலயும் வாடகைக்கு ஏழைங்கதான் இருப்பாங்க. ஸ்பிரிங்க்ளர சல்லிசா போடறதுக்கு அந்த வீட்டோட வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான் வாய்ப்பு, டிரைவால் ஏறுறதுக்கு முன்னாடி இருக்கற அந்த ரெண்டு மூணு வாரம். அந்த நேரத்துல முடிவெடுக்கற ஆள் பில்டர், அவர் அந்த வீட்டுல தூங்கப் போறதில்ல. அதனாலதான் இத விருப்பத்துக்கு விடக்கூடாதுங்கறேன், எலெக்ட்ரிக்கல் எர்த்திங் வேணுமா வேண்டாமான்னு யாரும் வாங்கறவங்ககிட்ட கேக்கறதில்லையே.

வீட்டு விலை ஏறுது, ஏற்கனவே வாங்க முடியல, அதுவும் நிஜம். 2008ல நாடு முழுக்க எடுத்த ஆய்வுல சதுர அடிக்கு 1.61 டாலர் வந்துச்சு, 2013ல திரும்ப எடுத்தப்ப 1.35, பழக ஆரம்பிச்சதும் விலை இறங்கிச்சு. இப்ப கூலி, சாமான் எல்லாம் ஏறிடுச்சு, உங்க பில்டர் சொல்றது சதுர அடிக்கு 3 டாலர். எல்லா வீட்டுக்கும் போடற ஊர்ல நாலு கம்பெனி போட்டி போடும், யாருமே போடாத ஊர்ல ஒரே ஒருத்தர்தான் இருப்பார், அவர் சொன்னதுதான் விலை. கட்டாயம்னா விலை ஏறும்னு நினைக்கறோம், ஆனா ஒரு வீட்டுக்கு ஆகற செலவு கட்டாயம் இருக்கற இடத்துலதான் கம்மி. 9,000ங்கறத லோன்ல சேத்தா 30 வருஷத்துக்கு ஆறரை சதவீத வட்டியில மாசம் 57 டாலர் வரும். சில இன்சூரன்ஸ் கம்பெனி பிரீமியத்துல கொஞ்சம் குறைப்பாங்க, மொத்தமும் ஈடாகும்னு நினைக்காதீங்க. ஸ்பிரிங்க்ளர் இருந்தா டெவலப்பருக்கு ஹைட்ரண்ட் (ரோட்டோர தீயணைப்பு குழாய்) தூரம், ரோடு அகலம் இதுலயெல்லாம் சலுகை குடுக்கற ஊர்களும் இருக்கு, ஸ்காட்ஸ்டேல் அப்படித்தான் பண்ணாங்க. இதுல எனக்கு கோவம் வரது தண்ணி டிபார்ட்மெண்ட்ங்க மேலதான், ஸ்பிரிங்க்ளருக்காக மீட்டர் முக்கால் இன்ச்ல இருந்து ஒரு இன்ச்சா மாறினா அதுக்கு கனெக்‌ஷன் கட்டணம்னு சில இடத்துல பெரிய தொகைய தூக்கி வைக்கறாங்க, வருஷத்துக்கு ஒரு சொட்டு கூட எடுக்காத லைனுக்கு. சட்டம் போடற ஸ்டேட் இதையும் சேத்து சரி பண்ணணும்.

குறையும் சொல்லணும். டெக்சாஸ்ல பெரிய பயம் உறைபனி, 2021 பிப்ரவரி புயல்ல அங்க எத்தனை வீட்டுல அட்டிக்ல, அதாவது கூரைக்கு அடியில, போற பைப் வெடிச்சு சீலிங் இறங்கிச்சுன்னு உங்களுக்கே தெரியும். ஸ்பிரிங்க்ளர் பைப்பும் பைப்தான், சூடில்லாத அட்டிக்ல அம்போன்னு விட்டா வெடிக்கத்தான் செய்யும். பைப்ப சீலிங்கோட ஒட்டி கீழ வச்சு, அதுக்கு மேல இன்சுலேஷன கூடாரம் மாதிரி போத்தணும், வீட்டுச் சூடு பைப்புக்கு கிடைக்கணும், இன்சுலேஷன் பைப்புக்கு கீழ போயிடக்கூடாது. முன்னாடி உறையாம இருக்க ஆன்டிஃப்ரீஸ் கலப்பாங்க, 2009ல கலிஃபோர்னியாவுல டிரக்கிங்கற ஊர்ல அந்தக் கலவை சமையல் தீ மேல பட்டு அதுவே பத்திக்கிட்டு ஒரு உயிர் போச்சு. அதுக்கப்புறம் என்எஃப்பிஏ விதிய மாத்தி, சோதிச்சு சான்று வாங்கின கலவை தவிர வேற எதுவும் கூடாதுன்னாங்க. எங்க துறை அத முன்னாடியே சோதிச்சிருக்கணும், அந்த உயிர் போனது எங்க தப்பு. ஆரஞ்சு கலர் சிபிவிசி பிளாஸ்டிக் பைப்னா சில ஸ்ப்ரே ஃபோம், சில பூச்சி மருந்து எண்ணெய் பட்டா நாளாவட்டத்துல விரிசல் விடும், இன்சுலேஷன் ஆள்கிட்ட இத சொல்லி வைக்கணும். அப்புறம் பெயிண்ட். நான் போன ஒரு வீட்டுல பெயிண்டர் சீலிங்கோட சேத்து பதினோரு ஹெட்டையும் வெள்ளையடிச்சு வச்சிருந்தார், பாக்க அழகா இருந்துச்சு, ஒண்ணு கூட நேரத்துக்கு திறந்திருக்காது, பதினொண்ணையும் மாத்தினோம்.

உங்க வீட்டுக்கு நான் சொல்றது, போடுங்க. ஆனா கிச்சனுக்கு மட்டும்னு அரைகுறையா வேண்டாம், வீட்டு ஸ்பிரிங்க்ளருக்கான விதியான என்எஃப்பிஏ 13டி படி முழு வீட்டுக்கும்னு காண்ட்ராக்ட்ல எழுதி வாங்குங்க. 13டியிலயே சின்ன பாத்ரூம், சின்ன அலமாரி, கராஜ், அட்டிக் இதெல்லாம் விலக்குதான், அதனால ஹெட் எண்ணிக்கை நீங்க பயப்படற அளவுக்கு வராது. குளிர் தண்ணி பைப்போட ஒண்ணா ஓடற மல்டிபர்ப்பஸ் பெக்ஸ் (வளையற பிளாஸ்டிக் பைப்) சிஸ்டம் போடற ஆள் உங்க பக்கம் இருக்காரான்னு பில்டர்கிட்ட கேளுங்க, பல இடத்துல அது சல்லிசு, பாத்ரூம் குழாய திறக்கும்போதெல்லாம் அதுல தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும், அடைச்சிருந்தா உடனே தெரிஞ்சிடும். பில்டர் தலைய ஆட்டலன்னா குறைஞ்சபட்சம் மேல்மாடி படுக்கை ரூம் கதவுகள ராத்திரி மூடிட்டு தூங்கற பழக்கம் வச்சுக்கோங்க, மூடின கதவு நிறைய நேரம் வாங்கிக் குடுக்கும், அம்மாவ கீழ் ரூம்ல படுக்க வைங்க.

போடறதா முடிவானா டிரைவால் அடிக்கறதுக்கு முந்தின நாள் ஒரு தடவை சைட்டுக்கு போயிட்டு வாங்க. ஒவ்வொரு ரூமா நின்னு சீலிங்கையும் சுவத்தையும் ஃபோன்ல படம் எடுத்து, எந்த ரூம்னு எழுதி வச்சுக்கோங்க. பின்னாடி டிவி மாட்டவோ ஊஞ்சல் கொக்கி போடவோ டிரில் எடுக்கறப்ப பைப் எங்க போகுதுன்னு அந்தப் படத்தப் பாத்துத்தான் ஓட்டை போடணும்.